இரண்டு கட்டைக்கும் மூன்று கட்டைக்கும் நடுவில்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் எழுத்துகள் ஒரு கோட்டில் நிற்காது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் சுருதிப் பெட்டியின் மூடிக்குள் ஊர்ப் பெயரும் முகூர்த்த நேரமும்தான். எந்த 'ர' எங்கே வரும் என்று இப்போதும் எனக்குத் தெரியாது. அச்சுக்குக் கொடுக்கிற தம்பி திருத்திக்கொள்ளட்டும். ஆனால் விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

எங்கள் நாதஸ்வரப் பெரியவருக்கு எண்பது நிறைகிறது என்று மலர் போடுகிறார்கள். அவரோடு வேலை செய்தவர்கள் எல்லாரும் எழுத வேண்டுமாம். தவில் ஆறுமுகத்தின் மகன் நெம்மேலிக்கு, என் மகன் வீட்டுக்கே வந்து கேட்டான். "சித்தப்பா, நீங்கதான் அவர் கூட முப்பத்தாறு வருஷம் இருந்தவரு. நீங்க எழுதலன்னா இன்னா மலரு?" என்றான். நான் மாட்டேன் என்றேன். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்குப் பேச்சு வராது. எழுத்தும் அப்படித்தான் என்று நினைத்தேன். அப்புறம் அவன், "அந்தத் தாலிக்கு முன்னாடி மங்களம் வாசிச்ச கதைய அப்பா எழுதிட்டாரு, செம காமெடி" என்றான். அவன் போன பிறகு நோட்டு வாங்கிவரச் சொன்னேன்.

நாதஸ்வரக் கச்சேரியில் சுருதி போடுகிறவனை யாரும் பார்க்க மாட்டார்கள். அதனாலேயே எனக்கு அந்த வேலை பிடித்தது. பதினாறு வயதில் சேர்ந்தபோது 'ஒத்து' இருந்தது. பார்க்க நாதஸ்வரம் மாதிரியே இருக்கும். துளைகளை மெழுகு வைத்து அடைத்திருப்பார்கள். ஒரே ஒரு சுரம்தான் வரும், அது ஸ. அது நிற்கவே கூடாது. மூக்கால் மூச்சு இழுக்கும்போது கன்னத்தில் அடைத்த காற்றை வெளியே தள்ள வேண்டும். தண்ணீர் டம்ளரில் பப்பாளிக் காம்பை வைத்து ஊதி, குமிழி நிற்காமல் வருகிற வரைக்கும் பழகினேன். எட்டு மாதம் ஆனது. பிறகு துருத்தி வைத்த பெட்டி வந்தது, அதற்குப் பிறகு கரண்டுப் பெட்டி. மூச்சுக்கு வேலை போய் கைக்கு வந்தது, கடைசியில் ஒரு விரலுக்கு வந்தது.

"ஒரே சுரத்த வெச்சிகினு வாழ்க்கைய ஓட்டிட்டான்யா இவன்" என்று ஆறுமுகம் எல்லா ஊரிலும் சொல்வான். உண்மைதான். அவனுடைய தவிலுக்கு இடப்பக்கம் உட்கார்ந்து உட்கார்ந்து என் வலது காது போயிற்று. அதனால்தான் நாலு வருஷம் முன்பு நின்றுகொண்டேன்.

பெரியவரைப் பற்றி எழுதச் சொன்னார்கள். அவர் வேலை செய்கிற விதத்தை எழுதுகிறேன். மேடையில் உட்கார்ந்ததும், ஊதுகிற நாணல் சீவாளியை வாயில் போட்டு ஊற வைப்பார். அந்த நேரத்தில் யார் வந்து பேசினாலும் தலையை மட்டும் ஆட்டுவார். ஊறினதும் என் பக்கம் திரும்பி, "வை" என்பார். ஒரே சொல். நான் சுருதியை வைப்பேன். உடனே வாசிக்க மாட்டார். கண்ணை மூடி, காதைப் பெட்டியின் மேல் சாய்த்துக் கேட்பார். முதலில் பஞ்சமத்தைத் தொடுவார், பிறகுதான் ஸ-வுக்கு வருவார். "வாசல்ல நின்னு கூப்ட்டுட்டு உள்ள போவணும்" என்பார். வாசிக்கும்போது பேச்சு கிடையாது. சுருதிச் சத்தம் குறைய வேண்டுமானால் இடது முழங்காலை அழுத்துவார், கூட வேண்டுமானால் தூக்குவார். தப்பு செய்தால் திட்ட மாட்டார். ஒரு தடவை பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பதில் நாலு அடி கொடுத்திருக்கலாம் என்று தோன்றும்.

ராகத்தைப் பற்றி எனக்கு யாரும் பாடம் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டே இருந்ததில் தெரிந்ததுதான். நாட்டை வாசித்தால் ஜனம் நிமிர்ந்து உட்காரும். ஊஞ்சலுக்கு ஆனந்தபைரவி. மோகனம் வாசித்தால் பாதி காலியாகக் கிடக்கிற மண்டபம்கூட நிறைந்த மாதிரி இருக்கும். முகாரியைக் கல்யாணத்தில் தொடவே மாட்டார்கள். கடைசியில் மத்யமாவதி. அதுவரைக்கும் நடந்த குற்றம் குறையெல்லாம் அதில் கழிந்துவிடும் என்று சொல்வார்கள். நான் பார்த்த வரையில், மத்யமாவதி ஆரம்பித்ததும் ஜனங்கள் செருப்பைத் தேடுவார்கள். அது அப்படி ஒரு ராகம். யாரும் போகச் சொல்ல மாட்டார்கள், ஆனால் முடிந்துவிட்டது என்று காலுக்குத் தெரிந்துவிடும்.

இதையெல்லாம் நான் சட்டம் என்று நினைத்திருந்தேன். ஒரு தடவை மாமல்லபுரத்தில் கடலோர ஓட்டல் ஒன்றில் வெளிநாட்டுக்காரர்களுக்காகக் கூப்பிட்டிருந்தார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்குப் பூபாளம் வேண்டுமாம். விடியற்காலை ராகம் என்று யாரோ சொல்லி, அதுதான் பெயர் பெற்றது என்று அந்த மேனேஜர் எழுதி வைத்திருந்தார். பெரியவர் ஒன்றும் சொல்லாமல் வாசித்தார். எல்லாரும் கண்ணை மூடி ரசித்தார்கள். இறங்கும்போது ஆறுமுகம் மேற்கே காட்டி, "பாத்துக்கோ மச்சான், போறதா வர்றதான்னு தெரியாம சூரியன் பேஜாராயி நிக்குறான்" என்றான். பெரியவர்கூடச் சிரித்தார்.

வேனில் வரும்போது நான் கேட்டேன். அவரிடம் நான் கேள்வி கேட்டது அபூர்வம். "ஐயா, அப்போ ராகத்துல ஒண்ணும் இல்லியா? கேக்குறவங்க நெனப்புதானா?"

இரண்டு நாள் கழித்து, செங்கல்பட்டு மண்டபம் ஒன்றின் பின்னறையில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்காகக் காத்திருந்தோம். "பெட்டிய எடு. ரெண்டு கட்டைல வை" என்றார். கட்டை என்பது சுருதியின் உயரத்துக்கு நாங்கள் சொல்கிற அளவு. வைத்தேன். மோகனத்தின் ஐந்து சுரங்களை மேலும் கீழுமாக வாசித்தார். "இப்ப மூணுல வை" என்றார். நான் குமிழைத் திருப்பினேன். அவர் அதையே வாசித்தார். அதே ஐந்து துளை, அதே விரல். ஆனால் என் காதில் விழுந்தது மத்யமாவதி. நான் அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏமாற்றவில்லை.

"நான் எதையும் மாத்தல. எது ஸ-ன்னு நீ மாத்துன. ரி-யக் கொண்டு போயி ஸ-வா வெச்ச. அவ்ளோதான்" என்றார். "நாலரையில வெச்சா ஹிந்தோளம். ஆனா பஞ்சமம் இடிக்கும், அத நிறுத்தணும். இப்ப சொல்லு, சந்தோஷம் எந்தத் துளையில கீது?"

நான் குமிழை மறுபடி இரண்டுக்குத் திருப்பினேன். ஊர்வலத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

இனி அந்தக் கல்யாணம். நடந்தது பன்னிரண்டு வருஷம் முன்பு ஒரு தை மாதம். திருவிடந்தையைத் தாண்டி, ரோட்டுக்குக் கிழக்கே ஒரு மண்டபத்தில். பெண் வீட்டார் செங்கல்பட்டுக்கு உள்ளே ஒரு கிராமத்தில் விவசாயக் குடும்பம். பெண்ணின் பெயரைத் தேன்மொழி என்று வைத்துக்கொள்வோம். அப்பாவும் பெண்ணுமாகத்தான் எங்களை ஏற்பாடு செய்ய வந்தார்கள். அப்பா துண்டை மடியில் வைத்துக்கொண்டு, "எனக்கு ராகம் கீகமெல்லாம் தெரியாதுங்க. இவ செங்கல்பட்டுல பாட்டு கத்துகினா. இவ கேக்குறத வாசிங்க" என்றார். அவள் ஒரு காகிதத்தில் எழுதிக் கொண்டுவந்திருந்தாள். தாலிக்கு முன்னால் மோகனம். கடைசியில் மத்யமாவதி. பெரியவர் அதைப் படித்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவர் யாருடைய காகிதத்தையும் அப்படி வைத்துக்கொண்டதில்லை.

கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பு அந்த அப்பாவைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். முகூர்த்தத்தைத் தள்ளக் கூடாது என்று அவரே சொல்லிவிட்டாராம். பெண்ணின் தாய்மாமன்தான் முன்னால் நின்று எல்லாவற்றையும் செய்தார்.

அந்த மாதம்தான் நான் புதுப் பெட்டி வாங்கியிருந்தேன். பழையதைச் சரிபார்த்துச் சரிபார்த்து அலுத்துப்போன காதர் பாய், செங்கல்பட்டில் ரேடியோ கடை வைத்திருந்தவர், வரவழைத்துக் கொடுத்தார். கொடுக்கும்போதே, "அண்ணாத்த, இதுல குமிழ் ரெண்டையும் மாத்தி வெச்சிருக்கான். பழசுல வலது பக்கம் சத்தம், இதுல வலது பக்கம் கட்டை. கை பழக்கத்துல திருப்பிடாத" என்றார். சரி பாய் என்றேன். இரண்டு முகூர்த்தம் ஒரு குறையும் இல்லாமல் போயிற்று.

காலை ஒன்பதரை மணிக்குப் பெண்ணை மணவறைக்குக் கூட்டிவந்தார்கள். மோகனம் ஆரம்பித்துக் கால் மணி இருக்கும். தனி ஆவர்த்தனம் மாதிரி ஆறுமுகம் கொஞ்சம் வாசிக்க, பெரியவர் சீவாளியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்போது தாய்மாமன் மேடையின் பின்பக்கமாக வந்து அவர் காதருகே குனிந்தார். நான் நடுவில் இருந்ததால் எனக்கும் கேட்டது.

"ஐயா, ஆஸ்பத்திரிலேர்ந்து போன். மச்சானுக்கு ரொம்ப மோசமா கீதாம். சாயங்காலம் தாண்டாதுன்னு சொல்றாங்க. பொண்ணப் பாக்கணும், பொண்ணப் பாக்கணும்னு சொல்லிகினே கீறாராம்."

பெரியவர் அவரைப் பார்த்தார்.

"இங்க யாருக்கும் தெரியக் கூடாது. ரிசப்ஷன் முடியட்டும், நைட்டு நானே கூட்டிகினு போறேன். மாப்ள வூட்டுக்காரங்க வேற மாதிரி ஆளுங்க. பொண்ணோட அத்தைக்குத் தெரிஞ்சி பின்னாடி அழுதுகினு கீது. அழுகை சத்தம் கேட்டுச்சின்னா கெட்டிமேளத்தப் போட்டுடுங்க. உங்க வாயால எதுவும் வரக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

"என் வாயால வராது" என்றார் பெரியவர்.

கெட்டிமேளம் எதற்கு என்று எல்லாருக்கும் தெரியும். தாலி கட்டும் நேரத்தில் தும்மலோ அழுகையோ கெட்ட சொல்லோ காதில் விழக் கூடாது என்று அடிப்பது. ஆனால் முகூர்த்தத்துக்கு இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. அதுவரைக்கும் அடித்துக்கொண்டே இருக்க முடியாது.

பெரியவர் மறுபடி மோகனத்தை எடுத்தார். விரலில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது நாதஸ்வரம் வாசிக்கிறவர் எப்போதும் போல அவர் விரலைப் பார்த்து வாசித்தார். எனக்குப் பின்னால் திரைக்கு அந்தப் பக்கம் அந்த அத்தை அழுவது கேட்டது. வாயைத் துணியால் பொத்திக்கொண்டு அழுகிற சத்தம். பெண் எங்களுக்கு எட்டு அடி தள்ளி உட்கார்ந்திருந்தாள். புகை கண்ணில் பட்டு முகத்தைத் திருப்பியவள், திரைப் பக்கம் பார்த்தாள். சுருதியின் சத்தத்தைக் கூட்டினால் அந்த அழுகை அமுங்கிவிடும் என்று எனக்குத் தோன்றியது. யாரும் சொல்லவில்லை. பெரியவரின் முழங்கால் அசையவில்லை. அவளைப் பார்த்தபடியே, பெட்டியைப் பார்க்காமல், பழைய பெட்டியின் பழக்கத்தில் வலது பக்கக் குமிழைத் திருப்பினேன்.

இரண்டு சொடுக்கு. நடுவில் இரண்டரையில் ஒரு கணம் இடித்தது. தவில் சத்தத்தில் அது யாருக்கும் கேட்டிருக்காது. அடுத்த சொடுக்கில் மூன்று கட்டைக்குப் போய் நின்றுவிட்டது. எதுவும் இடிக்கவில்லை. அதுதான் மோசம். அபஸ்வரமாக இருந்திருந்தால் எல்லாரும் திரும்பிப் பார்த்திருப்பார்கள், நானும் உடனே திருப்பியிருப்பேன். எல்லாம் சேர்ந்தே இருந்தது. மோகனம் மட்டும் இல்லை.

பெரியவர் என்னை அந்தப் பார்வை பார்த்தார். நான் குமிழில் கை வைத்தேன். அவர் வாசித்துக்கொண்டே தலையை ஆட்டினார். வேண்டாம் என்று. அப்புறம் நீளமாக ஒரு பிடி பிடித்து மேலிருந்து இறங்கி, நான் வைத்த ஸ-வில் வந்து நின்றார். அதன் பிறகு அவர் வாசித்தது மத்யமாவதிதான். சந்தேகமே இல்லாமல், சாவகாசமாக, மத்யமாவதிக்கு உரிய பிடிகளோடு. ஆறுமுகம் என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினான். கடைசி வரிசையில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு வயதானவர் குனிந்து நாற்காலிக்கு அடியில் செருப்பைத் தேடினார். தேடிவிட்டு, இன்னும் தாலியே கட்டவில்லையே என்று நினைவு வந்தவர் மாதிரி நிமிர்ந்துகொண்டார்.

தேன்மொழி நிமிர்ந்து எங்களைப் பார்த்தாள். தாலி கட்டும் வரைக்கும் பார்வையை எடுக்கவில்லை.

கெட்டிமேளம் முடிந்தது. அட்சதை முடிந்தது. காலில் விழ வேண்டிய பெரியவர்கள் வரிசையாக நின்றார்கள். அவள் மாப்பிள்ளையிடம் ஏதோ சொல்லிவிட்டு, மாலையோடு நேராக எங்கள் மேடைக்கு வந்தாள். அவள் என்னைத்தான் கேட்டாள். பெட்டி என் மடியில் இருந்தது.

"அண்ணா, ஏன் மத்யமாவதி?"

"கை தவறிடுச்சிம்மா. புதுப் பெட்டி" என்றேன். அது உண்மை. முழு உண்மை. ஆனாலும் என் வாழ்க்கையில் நான் சொன்ன பெரிய பொய் அதுதான்.

"கை தவறினது உங்களுக்கு. ஐயா ஏன் அதுலயே நின்னாரு?" என்றாள். பிறகு அவரைப் பார்த்து, "அப்பாவுக்கு இன்னா ஆச்சு?" என்றாள்.

பெரியவர் சீவாளியைக் கழற்றினார். நாதஸ்வரத்தை மடியில் படுக்க வைத்தார். சட்டைப் பையில் இருந்து அவள் எழுதிக் கொடுத்த காகிதத்தை எடுத்து அவள் கையில் திருப்பிக் கொடுத்தார். அவ்வளவுதான். அவள் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. மாப்பிள்ளையிடம் போய், "இப்பவே செங்கல்பட்டு போவணும்" என்றாள். அந்தப் பையன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கார் சாவியை யாரிடமோ வாங்கிக்கொண்டு நடந்தான். வேற மாதிரி ஆளுங்க என்று தாய்மாமன் சொன்னது அவனைப் பற்றி இல்லை போலும்.

அவள் போய்ச் சேர்ந்தபோது அப்பாவுக்கு நினைவு இருந்தது. மாலையும் கழுத்துமாகப் பார்த்தார். ஒரு மணி நேரம் பேசினார்களாம். மூன்று மணிக்கு முடிந்துவிட்டது. அவள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்தது சாவுச் செய்தியும் தாய்மாமனின் கோபமும்தான். சாயங்காலம் நாங்கள் கிளம்பும்போது வேன் வரைக்கும் வந்தார். "வாயால வராதுன்னு சொல்லிட்டு, தாலிக்கு முன்னாடியே மங்களம் வாசிச்சி எங்க வூட்டு மனுசன அனுப்பி வெச்சிட்டியேய்யா! எண்பது ஊருக்கு நீ பெரிய வித்வானா? இனிமே இந்தப் பக்கம் எவன் வூட்டுக் கல்யாணத்துல நீ வாசிக்குறன்னு நான் பாக்குறேன்" என்றார். பெரியவர் சீவாளிகளைத் துடைத்து ஒவ்வொன்றாகக் கயிற்றில் கோத்துக்கொண்டிருந்தார். நான் வேனுக்குள் பெட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இறங்கி, குமிழைத் திருப்பினது நான்தான் என்று ஒரு வரி சொல்லியிருக்க வேண்டும். இறங்கவில்லை.

தாய்மாமன் சொன்னபடியே செய்தார். அந்தப் பக்கத்து ஊர்களில் இரண்டு வருஷம் எங்களை யாரும் கூப்பிடவில்லை. பெரியவருக்கு வயதாகிவிட்டது, ராகம் மறக்கிறது என்று சிலர் சொன்னார்கள். திமிர் என்று சிலர் சொன்னார்கள். அவர் வாசித்ததால் ஒரு மனிதர் செத்தார் என்றும் சொன்னார்கள். வருஷம் போகப் போக அது சிரிப்புக் கதை ஆகிவிட்டது. ஆறுமுகம் சொன்னால் இன்னும் நன்றாகச் சிரிக்கலாம். அவனிடம்கூட நான் உண்மையைச் சொல்லவில்லை. தேன்மொழிக்குத் தெரியும், ஆனால் அந்த வீட்டில் அவள் சொல்லி யார் கேட்டிருப்பார்கள்? பெரியவர் யாரிடமும் என் பெயரை எடுக்கவில்லை. அடுத்த முகூர்த்தத்தில் சீவாளியை ஊற வைத்து, திரும்பி, "வை" என்றார். நான் குமிழைப் பார்த்து வைத்தேன். அதோடு சரி.

போன வாரம் நோட்டோடு அவர் வீட்டுக்குப் போனேன். இப்போது பல் இல்லை, வாசிப்பதில்லை. என் நல்ல காது அவர் பக்கம் இருக்கும்படி உட்கார்ந்தேன்.

"ஐயா, அந்தத் தை மாசத்துக் கல்யாணத்த எழுதப் போறேன். திருப்பினது என் கைதான்னு எழுதப் போறேன்."

"எழுது" என்றார். நோட்டைத் தன் பக்கம் இழுத்து, "நீ மறுபடி திருப்பப் போனப்ப வேணாம்னு சொன்னது யாரு?" என்றார்.

"நீங்க."

"அதையும் எழுது. உன் கைய மட்டும் எழுதினா அதுவும் பொய்யாப் போயிடும்."

"ஏன் வேணாம்னீங்க?" என்றேன்.

"வாயால வராதுன்னுதான அந்தாளு கிட்ட சொன்னேன்? அந்தப் பொண்ணுக்குக் காது கீதுன்னு எனக்குத் தெரியும்" என்றார். பிறகு பொக்கை வாயோடு சிரித்து, "ஆனா எனக்கா அது தோணல. நீ கொண்டு போயி வெச்ச. நான் போயி நின்னேன்" என்றார்.

எனவே தம்பிகளே, ஆறுமுகம் எழுதினதை அப்படியே போடுங்கள். நன்றாகத்தான் எழுதியிருப்பான். அதற்கு அடுத்த பக்கத்தில் இதைப் போடுங்கள். அவர் மறக்கவும் இல்லை, திமிரும் இல்லை. இரண்டு சொடுக்கு என்னுடையது. அதற்குப் பிறகு வாசித்தது அவருடையது. வேன் கிட்ட இறங்கிச் சொல்லாத வரியை இங்கே எழுதி முடித்தேன்.

ஆனி மாதம் பதினோராம் தேதி, புதன்கிழமை, காலை.